இன்றைக்கு மலைரோடு முறை

"பத்து மணிக்கு ஒரு ஃபீடர் எடுக்கணும் சார். இன்னிக்கு எது முறை?" என்று தொலைபேசியில் கேட்டது ஒரு பெண் குரல்.

துணை மின்நிலையத்து ஆபரேட்டர் சுவரில் ஒட்டியிருந்த முறைப் பட்டியலை மறுபடி ஒருதரம் பார்த்தார்.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம்."

"எது முறைன்னு கேட்டேன்."

"மலைரோடு," என்றார் அவர், சொந்த வீட்டு முகவரியைப் போலீஸிடம் சொல்கிறவரைப் போல.

"சரி, மலைரோடு எடுங்க. திருப்பிச் சொல்லுங்க."

மேலிடத்திலிருந்து எந்த உத்தரவு வந்தாலும் கேட்டவர் அதை வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் கையை நீட்ட வேண்டும். மின்சாரத்தில் ஒரு சொல் பிசகினால் கம்பத்தில் ஏறியிருப்பவனின் உயிர் போய்விடும் என்பதால் ஏற்பட்ட பழக்கம் அது.

"மலைரோடு எடுக்கிறேன்," என்றார் ஆபரேட்டர், குரல் எழும்பாமல்.

"மலைரோடு எடுக்கிறோம்," என்று பின்னாலிருந்து கணீரென்று சொன்னார் உதவியாளர். யாரும் அவரைக் கேட்கவில்லை. இருபது வருடமாக உத்தரவுகளைத் திருப்பிச் சொல்லிச் சொல்லி அவருக்கு அது மூச்சுவிடுவது மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் மனைவி "தண்ணி பிடிச்சு வைங்க" என்றாலும் "தண்ணி பிடிச்சு வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் குடத்தைத் தொடுவார். எதிரொலி என்றே அவருக்குப் பெயர் நிலைத்துவிட்டது.

ஆபரேட்டருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. வரிசை.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று புரிய வேண்டுமானால், மின்சாரம் எப்படி வருகிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். நீங்களும் நானும் சுவிட்சைத் தட்டுகிறோம், விளக்கு எரிகிறது, நம் கவலை அத்தோடு தீர்ந்தது. அந்த விளக்குக்குப் பின்னால் ஒரு பெரிய குடும்பமே கண்விழித்து உட்கார்ந்திருக்கிறது. மலைமேல் ஓர் அணை. அணைத் தண்ணீர் பெரிய குழாய்க்குள் தலைகுப்புற விழுந்து மூன்று இயந்திரங்களைச் சுற்றுகிறது. அங்கே பிறக்கிற மின்சாரம் கோபுரம் கோபுரமாகக் காடு மேடெல்லாம் தாண்டி, ஊருக்கு வெளியே இருக்கும் இந்தத் துணை மின்நிலையத்துக்கு வருகிறது. இங்கே உறுமிக்கொண்டு நிற்கும் மின்மாற்றிகள் அதன் கோபத்தைத் தணித்து, ஐந்து பாதையாகப் பிரித்து ஊருக்குள் அனுப்புகின்றன. இவர்கள் பேச்சில் பாதை என்றால் ஃபீடர்; அதை எடுப்பது என்றால் நிறுத்துவது, குடுப்பது என்றால் திரும்ப விடுவது. மார்க்கெட் ஃபீடர், தண்ணி டேங்க் ஃபீடர், மில் ஃபீடர், மலைரோடு ஃபீடர், ஆஸ்பத்திரி ஃபீடர்.

மின்சாரத்தைச் சர்க்கரை மாதிரி டப்பாவில் போட்டு மூடி வைக்க முடியாது. எவ்வளவு பிறக்கிறதோ அவ்வளவும் அந்த நொடியே செலவாக வேண்டும், அதற்கு மேல் ஆசைப்படவும் கூடாது. ஆசைப்பட்டால் சுவர் மீட்டரில் மின்சாரத்தின் துடிப்பைக் காட்டும் முள் ஐம்பதிலிருந்து கீழே சரியும். சரிந்துகொண்டே போனால் மாநிலம் முழுக்க இருண்டுவிடும். அந்த முள்ளைக் காவல் காப்பவள்தான் தொலைபேசிப் பெண். எங்கேயோ தொலைதூர நகரத்தில் உட்கார்ந்துகொண்டு "ஐம்பது எங்க? ஐம்பது எங்க?" என்று எல்லா மின்நிலையங்களையும் அதட்டிக்கொண்டிருப்பாள். ஐம்பதம்மா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

அணையில் ஓர் இயந்திரம் ஒரு வருடத்துக்கு மேலாகப் பழுது. அது சரியாகும்வரை தினம் காலையில் ஒரு மணி நேரம் ஒரு ஃபீடரை நிறுத்த வேண்டும். ஆஸ்பத்திரியைத் தொடக்கூடாது. மற்ற நான்குக்கும் முறை வைத்து மாற்றி மாற்றி நிறுத்த வேண்டும்.

அந்த முறையை வரிசை ஒருநாளும் மாற்றியதில்லை. மேலதிகாரி வீட்டு விசேஷம், மில் முதலாளியின் சிபாரிசு, மைத்துனரின் கெஞ்சல் எதற்கும் அவர் அசைந்ததில்லை. "எல்லாருக்கும் ஒரே முறை. எனக்கும் அதே முறை" என்பார். அவரை நம்பித்தான் ஊரில் மாவரைப்பதும், துணி தேய்ப்பதும், தலைக்குக் குளிப்பதும் நடந்தன. எவனும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. நேற்று யார் முறை என்று கேட்டுக்கொண்டால் போதும்.

அப்படிப்பட்ட மனிதர் இன்றைக்குத் தயங்கியதற்குக் காரணம் அவர் மனைவி.

மலைரோட்டில்தான் வீடு. அவர் மனைவி நகர நூலகத்தில் பல வருடமாகத் தற்காலிக ஊழியர். எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் எத்தனையாவது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பாள். ஆனால் நூலகவியல் பட்டயம் இல்லை. பட்டயம் இருந்தால்தான் நிரந்தரம், இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு வேறொருவர் வந்துவிடுவார் என்று சொல்லிவிட்டார்கள். எழுத்துத் தேர்வு எல்லாம் முடித்துவிட்டாள். பாக்கி வாய்மொழித் தேர்வு மட்டும். அதைக் கம்ப்யூட்டர் வழியாக வீட்டிலிருந்தே எழுதலாம். எழுதுவதாவது, பேசலாம். மூன்று வாய்ப்புத்தான். முதல் வாய்ப்பு காய்ச்சலில் போயிற்று. இரண்டாவது போன வருடம். முதல் கேள்விக்கு அழகாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதி வாக்கியத்தில் மின்சாரம் போய்விட்டது.

நிறுத்தியது யார்? அவள் வீட்டுக்காரர்தான். முறைப்படி.

அன்றிலிருந்து வீட்டில் மின்சாரத்துக்கு "உங்க கரண்டு" என்று பெயர். "உங்க அக்கா வந்தாங்க" என்று சொல்வதுபோல "உங்க கரண்டு வந்துடுச்சு" என்பாள். சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் அவர் நிம்மதியாக இருந்திருப்பார்.

மூன்றாவது, கடைசி வாய்ப்பு இன்றைக்கு. பத்து மணிக்கு மேல் மூன்று முறை கூப்பிடுவார்கள். மூன்றிலும் ஆள் கிடைக்காவிட்டால் வரவில்லை என்று எழுதிவிடுவார்கள். அவளுடைய கம்ப்யூட்டர் பேட்டரி செத்துப்போன பழைய மடிக்கணினி. பிளக்கைப் பிடுங்கினால் அந்தக் கணமே கண்ணை மூடிக்கொள்ளும்.

நேற்று மாலை அவள் கேட்டாள்.

"நாளைக்குக் கரண்டு இருக்கும்ல?"

"இருக்கும்," என்றார். சொன்ன கையோடு ஓர் இருமல் வந்தது.

அவள் அவரை ஒருதரம் ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "சரி," என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை.

இன்று விடிந்ததும் வேலைக்குக் கிளம்பியபோது தெருமுனை டாக்சிக்காரர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, காலங்காத்தால சவாரியா?"

"ஆமா சார். ஒரு அம்மாவை மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்," என்றவர், ஏனோ கண்ணாடியையே தேய் தேய் என்று தேய்த்தார்.

இப்போது மணி பத்தாகப் போகிறது. கண்ட்ரோல் ரூமில் பலகை நெடுக சின்னச் சின்ன விளக்குகள். இங்கே எல்லாம் தலைகீழ். சிவப்பு எரிந்தால் ஊரில் மின்சாரம் ஓடுகிறது. பச்சை எரிந்தால் ஊர் புழுங்குகிறது. ஐந்தும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன.

எதிரொலி மலைரோட்டுக் கைப்பிடிக்கு எதிரே போய் நின்றுகொண்டார்.

"அண்ணே, எடுத்துடலாமா?"

வரிசை வியர்வையைத் துடைத்துக்கொண்டார். மலைரோட்டுச் சிவப்பு விளக்கைப் பார்த்தார். அது அவரைப் பார்த்தது. அதற்குப் பின்னால் ஒரு மேசை, ஒரு பழைய கம்ப்யூட்டர், சுருக்கமில்லாமல் புடவை கட்டிக்கொண்டு கை கோத்து உட்கார்ந்திருக்கும் ஒருத்தி.

"மார்க்கெட் எடு," என்றார்.

எதிரொலி வாயைத் திறந்தார். திறந்த வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. இருபது வருடத்தில் முதல் தடவையாக அவர் ஓர் உத்தரவைத் திருப்பிச் சொல்லவில்லை.

"என்ன, காது கேக்கலையா?"

"காதுல விழுந்துச்சுண்ணே. வாய்க்குத்தான் வரலை."

வரிசையே எழுந்துபோய் மார்க்கெட் கைப்பிடியைத் திருப்பினார். வெளியே முற்றத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் டமாரென்று விழுந்தது. மார்க்கெட்டுக்குப் பச்சை விளக்கு வந்தது. மலைரோடு சிவப்பாகவே எரிந்தது.

"இன்னிக்கு ஒரு நாள்தான்," என்றார் வரிசை, பலகையைப் பார்த்து. "நாளைக்கு மலைரோட்டை ரெண்டு மணி நேரம் எடுத்துக் கழிச்சுடலாம்."

எதிரொலி மலைரோட்டுக் கைப்பிடியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

தொலைபேசி அடித்தது.

"மின்நிலையமா? நான் மார்க்கெட்டுல பல் டாக்டர் பேசறேன். இன்னிக்கு எங்க முறையே இல்லையே சார்."

"கொஞ்சம் அவசரம் டாக்டர். ஒரு மணி நேரம் பொறுத்துக்கங்க."

"நான் பொறுத்துக்குவேன். நாற்காலியில இருக்கிறவர் பொறுக்கணுமே. பல்லுல பாதித் துளை போட்டிருக்கேன். நாற்காலியை உச்சிக்கு ஏத்தி வெச்சிருந்தேன், இப்ப இறக்க முடியல. குதிக்கச் சொன்னா மனுஷன் கீழ பாத்துட்டுக் கண்ணை மூடிக்கிறார்."

"ஐயோ பாவம். யாரு அவர்?"

"உங்க இன்ஜினியர்தான். இன்னிக்கு மார்க்கெட் முறை இல்லைன்னு தெரிஞ்சுதானே வந்தார். உங்ககிட்ட ஏதோ பேசணுங்கிறார். இருங்க, குடுக்கிறேன்."

தொலைபேசியில் கொஞ்ச நேரம் பெருமூச்சு கேட்டது. பிறகு, "ஆ… ஊ… ஆவ்ச… ஆவ்சை…"

"சார், இதோ சார், இப்பவே சார்," என்றபடி வரிசை தொலைபேசியை வைத்துவிட்டு மார்க்கெட்டுக்கு மின்சாரத்தைத் திருப்பிக் கொடுத்தார். சிவப்பு எரிந்தது. எங்கேயோ ஒரு நாற்காலி இறங்கியிருக்கும்.

முள் உடனே சரிந்தது. ஐம்பதம்மாவின் தொலைபேசி அலறியது.

"என்ன சார், எடுத்ததைத் திரும்பப் போட்டுட்டீங்க? ஐம்பது எங்க?"

"இதோ வருது மேடம். இதோ." அவர் கண் பலகையில் ஓடியது. மலைரோட்டைத் தாண்டி ஓடியது. "தண்ணி டேங்க் எடுக்கிறேன்."

எதிரொலி கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தண்ணி டேங்க் பச்சைக்குப் போனது. முள் ஐம்பதுக்கு வந்து உட்கார்ந்தது. வரிசை நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார். வீட்டுக்கு ஒரு தடவை அடித்துப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

"தேர்வு நடக்குது போல," என்றார் எதிரொலியிடம், சந்தோஷமாக. "பேசிக்கிட்டு இருக்கிறப்ப போன் எடுக்கக் கூடாதில்ல."

"எடுக்கக் கூடாது," என்றார் எதிரொலி. அதில் அவருக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை.

அடுத்த தொலைபேசியில் பேச்சுக்கு முன்னால் தண்ணீர்ச் சத்தம்தான் வந்தது.

"அண்ணே, டேங்க் ஆபரேட்டர் பேசறேன். ஏண்ணே இப்படிப் பண்ணினீங்க?"

"என்னப்பா ஆச்சு?"

"இன்னிக்கு நம்ம முறை இல்லைன்னு பெரிய பம்ப்பை ஓட்டிட்டேன். திடீர்னு நின்னுச்சு பாருங்க, மேல போன தண்ணி அத்தனையும் திரும்பி வந்து குழாயை மோதுச்சு. ஜாயிண்ட் பிச்சுக்கிச்சு. ஆபீசுக்குள்ள அருவி மாதிரி கொட்டுது. கிளார்க்கம்மா ஃபைலைக் காப்பாத்தறாங்க, அவங்களைப் பாக்க வந்த விருந்தாளி மேசை மேல ஏறி நிக்கிறாங்க."

"வால்வை மூடேன்ப்பா."

"வால்வை மூடுறதுக்கும் கரண்டு வேணும்ணே. போன வருஷம்தான் மோட்டார் வெச்சுக் குடுத்தாங்க, கையால திருகிக் கஷ்டப்பட வேண்டாம்னு."

மறுபடி எழுந்தார் வரிசை. தண்ணி டேங்குக்கு மின்சாரத்தைக் கொடுத்தார். முள் சரிந்தது. ஐம்பதம்மா கூப்பிடும் முன்னால் அடுத்ததை எடுத்தாக வேண்டும். மிச்சம் இருந்தது இரண்டு. மில்லும் மலைரோடும்.

கை தன் பாட்டுக்கு மில்லுக்குப் போயிற்று.

"அண்ணே," என்றார் எதிரொலி மெதுவாக, "மில்லு நேத்துத்தான் முடிஞ்சுது."

"தெரியும்."

"தெரியும்," என்று திருப்பிச் சொன்னார் எதிரொலி. அதைவிட மோசமான திட்டை வரிசை கேட்டதில்லை.

மில் பெரிய தீனிக்காரன். அதை வெட்டியதும் பாரம் சட்டென்று இறங்கி, முள் ஐம்பதைத் தாண்டிக் குதித்தது.

"சார்," என்றாள் ஐம்பதம்மா. இந்த முறை அதட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நான் கேட்டது ஒரு பிடி. நீங்க மூட்டையோட இறக்கி வெச்சிருக்கீங்க. அதுக்கு முன்னாடி குடுக்கிறீங்க, எடுக்கிறீங்க, குடுக்கிறீங்க. என்ன சார், அங்க ஊஞ்சல் ஆடுறீங்களா? உங்க ஸ்டேஷனைப் பத்தி எனக்கு ஒருநாளும் கவலையே இருந்ததில்ல. உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு மேடம்."

"அப்ப வேற என்ன சரியில்ல?"

"சரி பண்ணிடறேன்," என்று வைத்தார்.

எப்படிச் சரி பண்ணுவது என்று பலகை முன்னால் கால் மணி நேரம் நடந்தபோது மறுபடி அடித்தது. மில்லிலிருந்து. மேனேஜர் திட்டப் போகிறார் என்று காதைச் சற்றுத் தள்ளியே வைத்துக்கொண்டார். பேசியது மேனேஜர் இல்லை. ஒரு பெண்.

"ஐயா, நான் நூல் ஓட்டுறவ பேசறேன். மேனேஜர் போன் பண்ணினா அவர் கோவத்துல பேசிடுவாருன்னு நானே வாங்கிக்கிட்டேன்."

"சொல்லும்மா."

"திடீர்னு நின்னதுல நூல் சுத்துற கதிர் முழுக்க நூல் அறுந்துபோச்சுங்கய்யா. ஒண்ணொண்ணா எடுத்து முடியணும். முடிச்சு ஓட்டுற வரைக்கும் எங்களுக்குக் கூலி கிடையாது. அதுக்காகக் கூப்பிடல. நேத்து நீங்க எடுத்தப்ப நாங்க ஒரு வார்த்தை பேசலையே. எங்க முறை, சும்மா உக்காந்திருந்தோம். இன்னிக்கு எங்க முறை இல்ல, தைரியமா எல்லாக் கதிரும் ஏத்துங்கடின்னு நான்தான் எல்லாரையும் ஏத்தச் சொன்னேன். உங்க வரிசையைச் சொல்லித்தான் சொன்னேன். இப்ப அவங்க என் மூஞ்சியைப் பாக்குறாங்க. நான் அவங்களுக்கு என்னங்கய்யா சொல்லட்டும்? இனிமே வரிசை கிடையாதுன்னு சொல்லிடட்டுமா?"

வரிசை தொலைபேசியை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டார். கோபமே இல்லாத குரல். அவர் மனைவியின் குரல் மாதிரி.

"இருக்குன்னு சொல்லும்மா," என்றார் கடைசியில். "இப்ப வந்துடும்."

தொலைபேசியை வைத்தார். வீட்டுக்கு இன்னொரு தடவை அடித்தார். யாரும் எடுக்கவில்லை. இப்போது அவளுக்கு எத்தனையாவது கேள்வியோ. போன வருடம் முதல் கேள்வியில் நின்றது. இந்த வருடம் எந்த வாக்கியத்தின் நடுவிலோ.

"எதிரொலி."

"அண்ணே."

"மில்லுக்குக் குடுக்கிறேன். மலைரோடு எடுக்கிறேன்."

எதிரொலி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "மில்லுக்குக் குடுக்கிறோம். மலைரோடு எடுக்கிறோம்," என்று கட்டிடம் அதிரச் சொன்னார். சொல்லி முடித்தபோது அவர் கண்ணில் நீர் இருந்தது. எதிரொலியின் மனைவியும் வரிசையின் மனைவியும் நல்ல சிநேகிதம்.

வரிசை முதலில் மில்லைச் சிவப்பாக்கினார். பிறகு மலைரோட்டுக் கைப்பிடியைப் பிடித்து, தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, திருப்பினார். பிரேக்கர் டமாரென்றது. ஆயிரம் தடவை கேட்ட சத்தம்தான். இன்று அது அவர் நெஞ்சுக்குள் விழுந்தது.

முள் ஐம்பதுக்கு வந்து அசையாமல் நின்றது.

"இதோ வந்துட்டீங்களே," என்றாள் ஐம்பதம்மா தொலைபேசியில். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

மதியம் இன்ஜினியர் வந்தார். ஒரு பக்கக் கன்னம் பந்து மாதிரி வீங்கியிருந்தது. மருந்தில் நாக்கு மரத்திருந்தது. நேராக மார்க்கெட் கைப்பிடிக்குப் போய், அதைச் சுட்டிக்காட்டி, நீளமாக ஏதோ சொன்னார். ஒரு சொல்கூட வடிவத்தோடு வரவில்லை. வரிசை விழித்தார்.

எதிரொலிதான் முன்னால் வந்து, மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு, சொன்னார். "இன்னொரு தடவை வரிசையை மாத்தினா உன்னை அணைக்கட்டுக்கு மாத்திடுவேன், அங்க மீனுக்குத்தான் நீ முறை வைக்கணும். சரியாங்க சார்?"

இன்ஜினியர் சரி என்று தலையாட்டிவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போனார்.

மீனுக்கு முறை வைக்கக்கூட வரிசை தயாராகத்தான் இருந்தார். அவர் பயமெல்லாம் வீடு திரும்புவதைப் பற்றி. வேலை முடிந்து தெருவுக்குள் நடக்கையில், சொல்ல வேண்டியதை உருப்போட்டுக்கொண்டே வந்தார். 'எனக்கு வேற வழி தெரியல' என்று ஆரம்பிப்பதா? 'முதல்ல மார்க்கெட்டைத்தான் எடுத்தேன்' என்று ஆரம்பிப்பதா? அது இன்னும் கேவலம். தப்பையும் செய்து, அதை உருப்படியாகவும் செய்யாத மனுஷன்.

கதவு திறந்திருந்தது. உள்ளே அவள் அலமாரியில் புத்தகங்களை உயரவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். புடவையின் கீழ்ப்பக்கம் முழங்கால் வரை நனைந்து காய்ந்த மாதிரி ஒரு கறை. அவர் அதைக் கவனிக்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தார், பார்த்தும் பாராமலும்.

"வாங்க. ஏன் முகம் இப்படித் தொங்கிக் கிடக்கு?"

"உனக்கு… அது… எப்படி…"

"பாஸ்," என்றாள் அவள், திரும்பாமல். "கையோட சொல்லிட்டாங்க. அடுத்த மாசத்துலேருந்து நிரந்தரம்."

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். நாற்காலி இல்லாத பக்கத்தில் உட்காரப் பார்த்து, அப்புறம் சரியாக உட்கார்ந்தார்.

"வீட்டுல கரண்டு போயிருக்குமே."

"போகாம? நம்ம முறைதானே. நேத்து மில்லு, இன்னிக்கு மலைரோடு. இது தெரியாமலா உங்ககூடக் குடித்தனம் பண்றேன்? அதான் நான் வீட்டுல உக்காரல. மில்லு ஆபீஸ்ல என் சிநேகிதி இருக்கால்ல, அவ மேசையில உக்காந்து பேசிட்டேன்."

"மில்லுலயா?"

"ம்."

"அங்க கரண்டு…"

"கொஞ்ச நேரம் போச்சு. வந்துடுச்சு." டீயை ஆற்றி அவர் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது அவர் விரல்களை ஒரு நொடி கூடுதலாகப் பிடித்திருந்தாள். "உங்க கரண்டு இல்ல. நம்ம கரண்டு. இனிமே அப்படித்தான் சொல்லப் போறேன்."

வரிசைக்குக் கண் கலங்கிவிட்டது. இவளிடமா மறைப்பது?

"நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இன்னிக்கு நான் வந்து…"

"டீ ஆறுதுங்க," என்றாள் அவள் அவசரமாக. "குடிங்க முதல்ல. நான் போய்த் துணியை எடுத்துட்டு வரேன்." சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

அவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும், மில் நின்றது கொஞ்ச நேரம்தானே என்று மனம் ஒரு பக்கம் சொன்னது. சொல்லிவிடு என்று இன்னொரு பக்கம் குத்தியது.

வாசலில் செருப்புச் சத்தம். தெருமுனை டாக்சிக்காரர், கையில் ஒரு கறுப்பு வயரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா கம்ப்யூட்டர் சார்ஜரை வண்டியிலயே விட்டுட்டாங்க சார்."

"உன் வண்டியிலயா போனா? மில்லுக்கா?"

"மில்லுக்கு மட்டுமா? மொதல்ல மார்க்கெட்டுல அவங்க அண்ணன் கடைக்குப் போனோம், உக்காந்ததும் கரண்டு போச்சு. அங்கேருந்து தண்ணி டேங்க் ஆபீசுக்குப் போனா அங்கயும் போச்சு, அருவி வேற கொட்டுச்சு. எவன்டா அவன் சுவிட்சு போர்டுலன்னு நல்லாத் திட்டிட்டேன் சார், அப்புறம்தான் நீங்கதான்னு ஞாபகம் வந்துச்சு, மன்னிச்சுக்கங்க."

வரிசை டீயைத் தரையில் வைத்தார்.

"வீட்டுல கரண்டு இன்னும் இருக்காம், தெருக்காரர் போன்ல சொன்னார், வண்டியைத் திருப்பட்டுமான்னேன்," என்றார் டாக்சிக்காரர். "வேண்டாம், மில்லுக்கு விடுன்னாங்க. மில்லுலயும் போயிடுச்சு, தேர்வுக்காரங்களோட கடைசிக் கூப்பாடுதான் பாக்கி, கரண்டே போகாத ஆஸ்பத்திரிக்கு ஓட்டட்டுமான்னு கேட்டேன். அம்மா அசையவே இல்ல சார், 'ரெண்டாவது இடத்துல போனப்பவே புரிஞ்சுபோச்சுப்பா, அவர் எனக்காக வரிசையை மாத்திக்கிட்டு இருக்கார், அது அவருக்குப் பழக்கமில்லாத வேலை, ரொம்ப நேரம் தாங்க மாட்டார், இப்ப எங்க வீட்டை அணைச்சுட்டு இங்க விடுவார், நீ பேசாம பிளக்கைச் சொருகிட்டு உக்காரு'ன்னாங்க. நான் சொருகிட்டு நிமிரல, ஃபேன் சுத்திடுச்சு."